கொம்புக்குப் பூசுகிற நீலம்

அன்றைக்கு அந்தப் புளியமரத்தடியில் இருந்தவர்கள்: உன் அப்பா, நான், என் இடுப்பில் நீ. என் அண்ணன் திம்மராயன், அதாவது உன் பெரிய மாமா. அவர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்டுக்கொண்டிருந்த லட்சுமக்கா, அவள் பிடித்திருந்த கயிற்றில் அவளுடைய ஜோடிக் காளைகள். மாட்டுத் தரகர் கோபாலப்பா. கயிறும் மணியும் விற்க வந்திருந்த கரீம் பாய். இவர்கள் போக, மேட்டு வீட்டுச் சின்னக்கண்ணு, அவன் பெண்சாதி, பூசாரி முனியப்பன், ஏரிக்கரை வீட்டு அண்ணன் தம்பிகள், காது கேட்காத அவர்களுடைய அம்மா. கடைசியில் சொன்னவர்களுக்கு இதில் பெரிய வேலை இல்லை. ஆனாலும் இருந்தார்கள், அதனால் எழுதுகிறேன். நாளைக்கு அவர்களில் யாராவது நான் அங்கே இல்லவே இல்லை என்று சொன்னால் நம்பாதே.

கண்ணு, நீ போனில் கேட்டபோதே பதில் சொல்லியிருக்கலாம். போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், அதற்குள் உன் கம்பெனி பஸ் வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது, கோணலாகத்தான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிதானமாகப் படி. நீ சொன்னது இவ்வளவு. என் பேத்தி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை உன் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளில் மண்டபத்து வாசலில் வந்து இறங்க ஆசைப்படுகிறார். அதற்காகப் பேரிகையில் நம் வீட்டுக் கொட்டகையிலிருந்து வண்டியை ஓசூருக்கு ஏற்றிக்கொண்டு போனாய். பெங்களூரில் பழைய வண்டிகளுக்குப் பூச்சு வேலை செய்கிற கடையில் விசாரித்தால், அவன் சொன்ன தொகைக்கு இன்னொரு பந்தி போட்டுவிடலாம் என்றாய். டேங்கில் ஒரு நீளக் கீறல் இருக்கிறது, அதை உரசிப் பார்த்தால் நீலத்துக்கு அடியில் பட்டாளத்துப் பச்சை தெரிகிறது, அந்தப் பச்சைதான் அசல் நிறம், அதையே திரும்பக் கொண்டுவந்தால்தான் வண்டிக்கு மதிப்பு என்று கடைக்காரன் சொன்னானாம். "அந்தக் காலத்துல அப்பா கம்மி செலவுல யார்கிட்டம்மா பூசுனாரு?" என்று கேட்டாய். கடைசியாக, பெரிய மாமா கையால் வண்டிக்கு மாலை போட்டு, அவரே கைப்பிடியை மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கட்டும் என்றாய். அந்த இடத்தில்தான் நான் போனை வைத்தேன். லைன் கட்டாகவில்லை.

உன் அப்பா சிங்காரப்பேட்டைப் பக்கத்து ஆள். பேரிகைக்கு மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டராக வந்தார். கம்பவுண்டர் என்று சர்க்கார்தான் எழுதியது, ஊர்க்காரர்களுக்கு அவர் டாக்டரய்யாதான். தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற நம் பக்கத்துப் பேச்சு அவருக்கு வராது. அவர் பேசினால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மாடுகளுக்கு வெக்கை நோய் வராமல் ஊசி போடுவதுதான் அவருடைய முக்கிய வேலை. அந்த நோய் ஒரு கொட்டகைக்குள் வந்தால் கண்ணும் மூக்கும் ஒழுகி, வாய் புண்ணாகி, கழிந்து கழிந்து மாடு விழுந்துவிடும். கொட்டகையில் ஒன்று விழுந்தால் மற்றதும் விழும். ஊசி மருந்தை ஐஸ் வைத்த பெட்டியில் கொண்டுபோக வேண்டும், ஐஸ் கரைவதற்குள் போட்டாக வேண்டும். சைக்கிளில் மிதித்துப் போய்ச் சேருவதற்குள் பாதி ஐஸ் தண்ணீராகிவிடும். அதனால்தான் பெங்களூரில் உலகச் சண்டைக் காலத்துப் பட்டாளச் சாமான்களை விட்ட ஏலத்தில் யாரோ எடுத்துப் போட்டிருந்த அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். என் வளையல் இரண்டு அதில் போயிற்று. அதை நான் சொல்லிக்காட்டியதில்லை, இப்போதும் சொல்லிக்காட்டவில்லை, தெரிந்துகொள் என்று சொல்கிறேன்.

வண்டி பச்சை. டேங்க், மட்கார்டு, கைப்பிடிக் கம்பி, விளக்குக் கூடு எல்லாம் ஒரே பச்சை. அந்தப் பச்சையை நம் பக்கத்து ஜனங்கள் மறந்திருக்கவில்லை. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக் கறிக்கு மாடு பிடிக்கிற கன்ட்ராக்டர் ஆட்கள் இதே நிறத்து வண்டிகளில்தான் வந்தார்கள். முன்னால் மோட்டார் சைக்கிளில் ஒருவன், பின்னால் லாரி. நல்ல மாடாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு யாருக்கும் காசு வந்ததில்லை. அதற்குப் பிறகு பத்து வருஷம் கழித்து அதே பச்சையில் ஒரு வண்டி படபடவென்று வந்தால் என்ன செய்வார்கள்? உன் அப்பா ஊருக்குள் நுழைவதற்குள் தொழுவம் எல்லாம் காலியாக இருக்கும். மாட்டுக்காரர்கள் மாட்டை ஏரிக்கு அந்தப் பக்கம், மைசூர் சீமைக்கு ஓட்டிவிடுவார்கள். அப்போது நம் பக்கம் மதுவிலக்கு. சாராயம் காய்ச்சுகிறவர்கள் போலீஸ் என்று நினைத்துப் பானையைக் கிணற்றில் கவிழ்த்துவிட்டு, வந்தது ஊசிக்காரர் என்று தெரிந்ததும் போலீஸைத் திட்டுவதைவிட அதிகமாக இவரைத் திட்டுவார்கள். கரைந்த ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்து, "மருந்து வீணாப் போச்சு" என்று ஒரு சொல்தான் சொல்வார். அன்று சாப்பிட மாட்டார்.

நிறத்தை மாற்றினால் ஒழிய ஊருக்குள் விடமாட்டார்கள் என்று புரிந்ததும் ஓசூரில் லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறைக்குப் போய்க் கேட்டார். பட்டறைக்காரர் வண்டியைச் சுற்றி வந்தாராம். "வெறும் இரும்பு தெரியிற மட்டும் தேய்க்கணும். அப்புறம் அடிப்பூச்சு, அதும்மேல ரெண்டு கை, பளபளப்புக்கு ஒரு கை. லாரின்னா பலகையாட்டம் இருக்கும் சார், சரக்சரக்னு பூசிடலாம். இதுல சந்து பொந்து ஜாஸ்தி." கூலியைக் கேட்டுவிட்டு உன் அப்பா, "வண்டியை வாங்கினதே அதுல பாதிக்குத்தானுங்களே" என்றாராம். "அப்ப வண்டிய வித்துட்டு பெயின்ட் வாங்கிக்குங்க" என்று பட்டறைக்காரர் சொன்னாராம். இதை வந்து சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்ததால் எனக்கு அழுகை வந்தது.

வழி காட்டியது கரீம் பாய். ஓசூர் பஜாரில் அவருக்கு மாட்டுச் சாமான் கடை: மூக்கணாங்கயிறு, கழுத்து மணி, சாட்டை, பொங்கலுக்குக் கொம்பில் பூசுகிற பெயின்ட். சந்தை நாளில் மூட்டையோடு பேரிகைக்கு வருவார். "பொங்கல் முடிஞ்சு போச்சு சார். மிஞ்சின கொம்பு பெயின்ட்டு ஆடை கட்டிக் கெடக்குது. அடுத்த பொங்கலுக்குள்ள கல்லாயிடும். நீலமும் செவப்பும்தான் இருக்குது, எடுத்துக்கினு போங்க, குடுக்கறதக் குடுங்க" என்றார். போகிறபோது திரும்பி வந்து, "ஒண்ணு சார். இது கொம்புக்குப் பண்ணது. சூடு தாங்காது. மாட்டுக்குக் கொம்பு சுடாது, உங்க வண்டிக்கு வயிறு சுடும். இஞ்சினையும் பொகைக்கொழாயையும் தொடாதீங்க" என்றார். நீ கேட்டாயே கண்ணு, குறைந்த செலவு எப்படி என்று. இப்படித்தான்.

பூசியது லட்சுமக்கா. என் பிறந்த ஊர்க்காரி, புருஷனை இழந்தவள். சொத்தென்று அவளுக்கு இருந்தது அந்த ஜோடிக் காளைகள்தான். காளைகள் இருந்ததால்தான் என் அண்ணன் அவளுக்கு நிலத்தை வாரத்துக்கு விட்டிருந்தார். ஆள் வைத்து ஏர் ஓட்டுவாள், வண்டி கட்டி ராகி மூட்டை ஏற்றிக்கொண்டு தானே சந்தைக்கு வருவாள். காளை போனால் நிலம் போய்விடும், நிலம் போனால் அவளும் அவள் மகளும் கூலிக்குத்தான் போக வேண்டும். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு பூசுவதில் அவள் கை போல் ஊரில் இன்னொரு கை கிடையாது. பழைய வேட்டித் துணியை மடித்துப் பந்தாக்கி, பெயின்டில் தொட்டு ஒரே இழுப்பாக இழுப்பாள், திட்டு விழாது. கூப்பிட்டதும் வந்து, இடுப்பில் கை வைத்து வண்டியைப் பார்த்தாள். "ஏமய்யா டாக்டரய்யா, இதுக்குக் கொம்பு எங்க?" என்றாள். உன் அப்பா கைப்பிடிக் கம்பியின் இரண்டு முனையையும் காட்டினார். "அதான பாத்தேன். கொம்பில்லாதத நான் பூசறதில்ல" என்றாள். அதனால்தான் அந்தக் கைப்பிடி ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. யாரோ கிறுக்கன் பூசியிருக்கிறான் என்று நீ சின்ன வயதில் சொல்வாய்.

உன் அப்பா பச்சையை முழுக்கச் சுரண்டிவிடத்தான் பார்த்தார். வாங்கிய உப்புத்தாள் ஒரு மட்கார்டுக்குள் தேய்ந்துபோயிற்று. "அந்தப் பூச்சு கெட்டியாத்தான இருக்குது? அதும்மேலயே பூசுனா ஒரு டப்பால முடியும். சொரண்டுனா இரும்பு ரெண்டு டப்பா குடிக்கும்" என்றாள் லட்சுமக்கா. கணக்கு சரியாகத்தான் பட்டது. எண்ணெய்ப் பிசுக்குப் போக நான் சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், உன் தலைக்கு வைத்திருந்த சீயக்காய். ஆடை கட்டிய பெயின்டைத் துணியில் வடிகட்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினோம். பூசினதும் தூசி ஒட்டாமல் இருக்க வாசலில் தண்ணீர் தெளித்து, என் புடவைகளை நனைத்து வண்டியைச் சுற்றிக் கட்டினோம். வழியில் போன ஒருத்தி எட்டிப் பார்த்து, "யாருக்குப் பிரசவம்?" என்று கேட்டாள். "எங்க எருமைக்கு" என்றாள் லட்சுமக்கா. மிஞ்சிய நீலத்தைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். பொங்கலுக்குப் பூசியது மங்கிவிட்டது என்று தன் காளைகளின் கொம்புக்கு அதை மறுபடி பூசினாள். அவள் கூலி அவ்வளவுதான்.

வண்டி போன ஊரிலெல்லாம் பிள்ளைகள் பின்னால் ஓடின. கொம்பு வண்டி என்று பெயர் வைத்தார்கள். ஓட்டிவிட்ட மாடுகளைத் திரும்ப ஓட்டி வந்து ஊசி போட்டுக்கொண்ட ஊர்கள் உண்டு. ஊசி போட்ட மாட்டின் காதில் அடையாளத்துக்கு ஒரு சின்னத் துளை போடுவார், அதற்கென்று ஓர் இடுக்கி இருந்தது. அந்த மாசி மாதம் உன் அப்பா நன்றாகச் சாப்பிட்டார்.

பிறகுதான் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் வெக்கை வந்துவிட்டது என்று தெரிந்தது. இந்தப் பக்கத்தில் முதல் ஊர் என் பிறந்த ஊர். ஏரியும் அப்போது வற்றிக் கிடந்தது, மாடு நடந்தே வரும். உன் அப்பா என் அண்ணனிடம், "மச்சான், நீங்க கூப்பிட்டாத்தான் வருவாங்க" என்று சொல்லி அனுப்பினார். அண்ணன்தான் ஊர்ப் பெரியதனம், அவரும் ஆள் விட்டு எல்லோரையும் புளியமரத்தடிக்கு வரச் சொன்னார். நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். மரத்தடியில் அண்ணனுடைய காளைகளும் கட்டியிருந்தன. கொம்படியில் கட்டிய சிவப்புக் கம்பளிக் குஞ்சம் காதை மறைத்துத் தொங்கியது. "என்னண்ணா, உங்க வீட்ல பொங்கல் இன்னும் முடியலையா?" என்று கேலி செய்தேன். "மாட்டுச் சந்தைக்குப் போற மாடு தங்கச்சி. கண்ணு பட்டுரும்" என்றார்.

முதல் ஆளாக லட்சுமக்காதான் கயிற்றைப் பிடித்து முன்னால் வந்தாள். "டாக்டரய்யா, மொதல்ல எம் பசங்களுக்குப் போடுங்க." உன் அப்பா ஐஸ் பெட்டியைத் திறந்தார். அந்த நேரத்தில் கோபாலப்பா வண்டி அருகில் போனார். மூக்குக் குத்துகிற இரும்பு ஊசி ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். அதை எடுத்து டேங்கின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு அழுத்தி இழுத்தார்.

"நோடி, எல்லாரும் பாருங்க. உள்ள என்னா நெறம்? அதே பச்சை. மேல கொம்பு பெயின்ட் பூசிக்கினு வந்தா மறந்துருவமா? என் காளை கறுப்பன ஏத்திக்கினு போனது இந்தப் பச்சைதான். அன்னைக்கும் சீட்டு எழுதுனாங்க. இன்னைக்கும் இவுரு நோட்டுல எழுதறாரு."

காது கேட்காத கிழவி மகனைப் பார்த்து, "என்னாடா சொல்றான்?" என்றாள். "வண்டி பச்சைங்கறாம்மா." "நீலமால்ல இருக்குது?" "உள்ள பச்சையாம்." "உள்ள எந்த நெறமா இருந்தா என்னாடா, ஓடுனா சரி" என்றாள் அவள்.

"நான் மறைக்கலைங்க" என்றார் உன் அப்பா. "அந்தப் பச்சையைப் பார்த்தா உங்களுக்குப் பயம்னுதான் பூசினேன். இதோ, இவங்கதான் பூசினாங்க, கேளுங்க." அவருடைய சிங்காரப்பேட்டைத் தமிழ் அன்றைக்கு யாருக்கும் சிரிப்பாக இல்லை, அந்நியமாகப் பட்டது. சின்னக்கண்ணு தொண்டையைக் கனைத்தான். "பேச்சு எதுக்கு? பெரியவரு சொல்லட்டும். அவுரு மாட்டுக்குப் போட்டா நாங்களும் போட்டுக்கறோம்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். உன் அப்பாவும் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. அண்ணன் தன் காளையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். காற்று கொஞ்சம் வீசியது, அவர் கை குஞ்சத்தை இழுத்துச் சரி செய்தது. லட்சுமக்கா அவர் முன்னால் போய் நின்றாள். "அய்யா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. போட்டுக்கட்டா, வேணாமா?" அண்ணன் ஏரிப் பக்கம் பார்த்தார். அவள் விடவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். பிறகு லட்சுமக்கா காளைகளைத் திருப்பிக்கொண்டு போனாள். ஒவ்வொருவராகப் போனார்கள். கரீம் பாய்தான் துண்டால் கீறலைத் துடைத்து, "கொஞ்சம் பெயின்ட்டு இருக்குது சார், வந்து தொட்டுத் தர்றேன்" என்றார். "இருக்கட்டும் பாய்" என்று உன் அப்பா பெட்டியை மூடினார். ஐஸ் இன்னும் பாதி இருந்தது.

அன்று சாயங்காலமே மாடுகளை ஏரிக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். பச்சை வண்டிக்குப் பயந்து, நோய் இருக்கிற இடத்துக்கே ஓட்டினார்கள். திரும்பி வந்தபோது மாடுகளோடு வெக்கையும் வந்தது. லட்சுமக்காவின் காளைகள் ஒரே நாளில் காலையில் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாக விழுந்தன. உன் அப்பா போய் உட்கார்ந்திருந்தார், விழுந்த மாட்டுக்கு அவரிடம் மருந்து ஏது. கட்டி இழுத்துப் போகும்போது நான் பார்த்தேன், உடம்பெல்லாம் ஒட்டிப்போய்க் கொம்பு மட்டும் நீலமாகப் பளபளத்தது. நம் வண்டி டேங்கின் நீலம். அந்த வைகாசியில் அண்ணன் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டார். காளை இல்லாதவளுக்கு நிலம் விடுகிற வழக்கம் இல்லையாம். அவள் மகளோடு ஓசூர் ரோட்டில் ஜல்லி உடைக்கப் போனாள்.

அண்ணனுடைய காளைகள் ஏரியைத் தாண்டவில்லை, நோயும் அவற்றைத் தொடவில்லை. அவர் தொழுவத்தில் அம்மன் குடியிருக்கிறாள் என்று ஊரெல்லாம் பேச்சு. பூசாரி முனியப்பன் அங்கே கற்பூரமே கொளுத்தினான். நானும் பெருமையாக உன் அப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடி, "அம்மன் இல்லை. நான்தான்" என்றார். பிறகு சொன்னார். மரத்தடிக் கூட்டத்துக்கு முந்தின வாரமே அண்ணன் தனியாக ஆள் அனுப்பி, விடிகாலையில் சைக்கிளில் வரச் சொல்லி, தன் காளைகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். ஊசி போட்ட மாடு உழைக்காது என்று சந்தையில் விலையை இறக்குவார்கள், காதுத் துளை தெரியக்கூடாது, அதற்குத்தான் குஞ்சம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க மாப்ள" என்று கையைப் பிடித்துக் கேட்டாராம், இவரும் சரி என்றிருக்கிறார். "மரத்தடியிலயாவது சொல்லியிருக்கலாமே" என்று கத்தினேன். "நான் சொன்னா நம்பவா போறாங்க? நானே அவர் கொம்பிலிருந்து குஞ்சத்தை அவிழ்க்க முடியுமா? அவரே அவிழ்ப்பார்னு பார்த்துக்கிட்டு நின்னேன்" என்றார். அவரோடு சில மாதம் சரியாகப் பேசாமல் இருந்தேன். அது தீர்ந்தது. வாக்குக் கொடுத்துவிட்டுத் தவித்தவர் அவர்.

அண்ணனிடம் போய்க் கேட்டேன். காளைகளை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். "நான் என்னா பொய் சொன்னனா தங்கச்சி? நான் வாயே தெறக்கலையே" என்றார். "அதத்தாண்ணா கேக்கறேன்" என்றேன். எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து நான் அவர் வீட்டில் தண்ணீர் குடிப்பேன், சோறு தின்னமாட்டேன். வயிறு சரியில்லை என்று நான் சொன்னதையெல்லாம் நீ நம்பியிருக்கிறாய்.

சில வருஷம் கழித்து ஓசூர் பஜாரில் லட்சுமக்காவைப் பார்த்தேன். கரீம் பாய் கடை வாசலில் நின்று மாட்டு மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாங்குவதற்கு இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்துக் குஞ்சத்தின் சங்கதியைச் சொன்னேன். அவள் திரும்பக்கூட இல்லை. "தெரியும்மா. காத்துல தூக்குச்சு. காதுல ஓட்ட தெரிஞ்சது" என்றாள். தெரிந்துமா போடாமல் போனாய் என்று கேட்டேன். "அவுரு சொல்லாம நான் மட்டும் போட்டுக்கினா, மறைக்கறத நான் பாத்துட்டேன்னு அவுருக்குத் தெரிஞ்சுரும். அப்புறம் நெலத்துல விடுவாரா? அவுரு வாயால ஒரு வார்த்த வந்துட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுன்னுதான் கேட்டேன். கேட்டுக்கினே நின்னேனே, நீயும் பாத்தியே" என்றாள். அந்த நிலத்துக்குப் பயந்துதான் காளையை விட்டாள். காளை போனதும் நிலமும் போயிற்று.

இனி உன் கேள்விகளுக்கு வருகிறேன். பச்சை வேண்டாம். அந்தப் பச்சைக்கு மதிப்பு என்று சொல்கிறவனுக்கு நம் ஊர் தெரியாது. பெங்களூருக்குப் போகாதே, ஓசூரில் பஸ்ஸுக்குப் பூசுகிற பட்டறைகள் இருக்கின்றன, அதில் ஒன்றில் கொடு. முதலில் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்க்கச் சொல், உள்ளே ஒரு பொட்டுப் பச்சை இருக்கக்கூடாது. நாங்கள் மிச்சம் பிடித்தது அந்த இடத்தில்தான், நீ அங்கே பிடிக்காதே. பளபளப்புக்கு ஒரு கை குறைந்தால் பரவாயில்லை. நீலம் பூசு. கைப்பிடி மட்டும் இருந்தபடியே, ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் சிவப்பு. மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும்.

கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை உன் பெரிய மாமாவுக்கு வை. உன் அப்பா போன பிறகு உன் படிப்புக்குக் கொடுத்தவர் அவர், உன்னைக் கம்பெனியில் சேர்க்க எத்தனை வாசல் ஏறினார் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் நாற்காலி போடு, நீயும் பேத்தியும் காலில் விழுங்கள். நானும் "வாங்கண்ணா" என்பேன். வண்டிக்கு மாலை போட்டுக் கைப்பிடியைக் கொடுக்க வேறு ஆள் இருக்கிறாள். லட்சுமக்கா மகள் வீட்டில் ஓசூரில்தான் இருக்கிறாள், கை நடுங்குகிறது, இனிப் பூச முடியாது. ஆனால் ஒரு கொம்பைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுக்க முடியும். காரை அனுப்பிக் கூட்டி வா. அவள் வரமாட்டேன் என்றால் நான் போய்க் கூப்பிடுகிறேன்.

டேங்கில் உள்ள கீறலை மூடிவிடு. கோபாலப்பாவின் மாடுகளும் அந்த வருஷம் செத்தன. ஒருநாள் பேரிகைக்கு வந்து அந்தக் கீறல் மேல் பெருவிரலை வைத்து நின்றார். "நான் கண்ணால பாத்தத நெசம்னு நம்பிச் சொன்னேம்மா" என்றார். மோர் கொடுத்து அனுப்பினேன், அன்றோடு அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. பயந்துபோய் மாட்டை ஓட்டிய ஊர்க்காரர்கள் மேலும் இல்லை, வாக்குக்குக் கட்டுப்பட்டு நின்ற உன் அப்பா மேலும் இல்லை. இன்னொருவர் அன்று வண்டியில் விரல்கூட வைக்கவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை, அதனால் மூடுவதற்கு அவர் போட்ட கீறல் எதுவும் அதில் இல்லை. மரத்தடியில் இருந்தவர்கள் எல்லோரையும் முதலிலேயே எழுதிவிட்டேன். அதில் நான் மன்னிக்காத பெயரை மட்டும் மறுபடி எழுதுகிறேன். என் கூடப்பிறந்த அண்ணன், திம்மராயன்.